ஜுர மாத்திரையும் அதன் அளவும்

நமது நாட்டில் ஏழை பணக்காரன் என்ற பேதமின்றி, பட்டணம் பட்டிக்காடு என்ற வித்தியாசமின்றி, எல்லார் வீட்டிலும் இடம் பெற்றுவிட்ட மருந்து ஒன்று உண்டென்றால், அது பாரசிட்டமால் என்னும் வெள்ளை மாத்திரையேயாகும். தலைவலி என்றால் ஒன்று, உடம்பு வலி என்றால் ஒன்று, குழந்தைக்கு உடம்பு சுட்டால் புட்டியிலிருந்து ஒரு கரண்டி என்று, வைத்தியரைக் கேளாமலே நாம் அதைக் கையாண்டு வருகிறோம். பெட்டிக்கடையில் போய், 'காய்ச்சல் மாத்திரை இரண்டு கொடுங்கள்' என்று கேட்டால், கடைக்காரர் அட்டையிலிருந்து இரண்டைக் கத்தரித்துக் கொடுத்துவிடுகிறார். வாங்குகிறவருக்கு அதன் பெயர் தெரியாது. விற்கிறவருக்கு அதன் அளவு தெரியாது.

இப்படி வழங்குவது முழுதும் தவறு என்று நாம் கூறவில்லை. வைத்தியர் கிட்டாத ஊரில், நள்ளிரவில் ஜுரம் கண்டவனுக்கு மாத்திரை ஒன்று செய்யும் உபகாரம் சிறிதன்று. இதை உணர்ந்தே, ஆயிரம் பேருக்கு மேற்படாத, மருந்துக் கடையில்லாத கிராமங்களில் லைசென்ஸ் இல்லாமலும் விற்கக் கூடிய வீட்டு மருந்துகளின் ஜாபிதாவில், இந்திய மருந்து விதிகளின் 'கே' அட்டவணை பாரசிட்டமால் மாத்திரைக்கும் இடமளித்தது. ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனையும் உண்டு: தயாரித்தவர் கட்டியனுப்பிய உறையைப் பிரிக்காமலே விற்க வேண்டும். சலுகையை நாடெங்கும் எடுத்துக்கொண்டோம். நிபந்தனையை மட்டும் மறந்துவிட்டோம். நாம் இன்று கூற விரும்புவது ஒன்றேயாகும். இம்மருந்தின் நன்மை, தீமை இரண்டும் அதன் அளவில் அடங்கியிருக்கின்றன. அந்த அளவை அறியும் வழியோ பொதுஜனங்களுக்குத் திறந்துவிடப்படவில்லை.

பிறந்த கதை

இம்மருந்து புழக்கத்துக்கு வந்த வரலாறே ஒரு படிப்பினையாகும். 1886-ம் வருஷத்தில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கான், ஹெப் என்ற இரு இளம் வைத்தியர்கள் நோயாளி ஒருவருக்கு நாப்தலீன் கொடுத்துப் பார்க்க எண்ணினார்கள். மருந்துச் சாலையிலிருந்து தவறுதலாக வேறொரு பொருள் வந்து சேர்ந்தது. அதை உட்கொண்ட நோயாளியின் ஜுரம் தணிந்தது. அந்தப் பொருள் அசெட்டனிலைடு. தவறிலே பிறந்த அந்த மருந்து விரைவில் கடைகளுக்கு வந்தது. ஆனால் அதை உட்கொண்டவர்களில் சிலருடைய உதடும் நகமும் நீலம் பாரித்தன. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்ததே அதற்குக் காரணம். அதற்குப் பதிலாக அதே இனத்தைச் சேர்ந்த பெனாசிட்டின் என்ற மருந்து வந்தது. அது பல்லாண்டுகள் செல்வாக்குடன் விளங்கி, பின்னர் சிறுநீரகங்களைக் கெடுப்பது என்று கண்டறியப்பட்டு, நாடு நாடாக விலக்கப்பட்டது.

பாரசிட்டமாலோ 1870-களின் இறுதியிலேயே அமெரிக்காவில் மோர்ஸ் என்ற ரசாயன சாஸ்திரியால் தயாரிக்கப்பட்டிருந்தது. 1893-ல் ஜெர்மானிய வைத்தியரான வான் மெரிங் அதைப் பரிசோதித்து, இதுவும் ரத்தத்தைக் கெடுக்கும் என்று எழுதினார். அவர் தவறான முடிவுக்கு வந்தார். ஆயினும் அவரது வார்த்தையை உலகம் நம்பியதால், நல்ல மருந்தொன்று அரை நூற்றாண்டுக் காலம் மூலையில் கிடந்தது. 1948-ல் நியூயார்க்கில் பிராடி, ஆக்ஸல்ராட் என்ற இருவர், அசெட்டனிலைடு உடலுக்குள் சென்று பாரசிட்டமாலாக மாறியே வலியைத் தணிக்கிறது என்றும், ரத்தத்தைக் கெடுப்பது வேறொரு மாறுதலால் விளைவது என்றும் நிரூபித்தனர். அதன் பின்னரே இதன் மீதிருந்த பழி நீங்கியது. 1955-ல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான திரவமாகவும், 1956-ல் பிரிட்டனில் மாத்திரையாகவும் விற்பனைக்கு வந்தது.

ஒரு பழி நீங்கியதும், ஜனங்கள் மறுகோடிக்குச் சென்றார்கள். இதில் தீங்கே கிடையாது என்ற எண்ணம் பரவியது. 1966-ல், மாத்திரைகளை மிகுதியாக விழுங்கியவர்கள் ஈரல் அழிந்து மாண்ட செய்தி பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஐம்பது வருஷம் இல்லாத தோஷத்தைக் கண்டு அஞ்சினோம். பின்னர் பத்து வருஷம் இருக்கிற தோஷத்தைக் காணாமலிருந்தோம். இந்த இரண்டு பிழைகளில் இரண்டாவதையே நாம் இன்றும் செய்துவருகிறோம்.

அது செய்யும் உபகாரம்

முதலில் நன்மையைக் கூறுவோம். பாரசிட்டமால் ஜுரத்தைத் தணிக்கிறது. தலைவலி, பல்வலி, உடம்பு வலி, மாதவிடாய் வலி முதலிய சாதாரண, நடுத்தர வலிகளைக் குறைக்கிறது. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் முதலிய மருந்துகளைப் போல் இது இரைப்பையைப் புண்ணாக்குவதில்லை; ரத்தம் உறைவதைத் தடுப்பதுமில்லை. குடற்புண் உள்ளவர்களும் சிறுநீரகம் பழுதுற்றவர்களும் முதியவர்களும் வலிக்கு முதலில் நாடத் தக்கது இதுவே என்று வைத்தியர்கள் கூறுவதற்கு இதுதான் காரணம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துகள் ஜாபிதாவிலும், நமது தேசிய ஜாபிதாவிலும் இதற்கு இடமுண்டு.

மழைக்காலந்தோறும் தமிழ்நாட்டில் தலைகாட்டும் டெங்கு ஜுரத்தில் இம்மருந்தின் சிறப்பு நன்கு விளங்கும். டெங்குவில் ரத்தத் தட்டுகள் குறைந்து ரத்தக் கசிவு உண்டாகும் அபாயம் இருக்கிறது. அப்போது ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ கொடுப்பது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதாகும். பாரசிட்டமால் ஒன்றே அங்கு கொடுக்கத் தக்கது. அம்மை, ப்ளூ முதலிய ஜுரங்களில் சிறுவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் ரெய்ஸ் நோய் என்னும் கொடிய வியாதி நேரக்கூடும். பாரசிட்டமாலில் அந்த அபாயம் இல்லை.

கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது என்றும், பிறக்கும் குழந்தைக்கு ஆட்டிசம் உண்டாகும் என்றும் 2025 செப்டம்பரில் அமெரிக்க சர்க்கார் தரப்பிலிருந்து எழுந்த பேச்சு இங்கும் அநேகரைக் கலங்கச் செய்தது. ஸ்வீடன் தேசத்தில் ஏறத்தாழ 25 லட்சம் குழந்தைகளின் விவரங்களைத் திரட்டி, ஒரே தாய் பெற்ற பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு 2024-ல் வெளியான ஆராய்ச்சி, அப்படிப்பட்ட சம்பந்தம் எதையும் காணவில்லை. கர்ப்ப காலத்தில் கடும் ஜுரத்தைத் தணிக்காமல் விடுவதே தாய்க்கும் சிசுவுக்கும் கேடு. தேவையான போது, குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு, வைத்தியரைக் கேட்டு உட்கொள்ளலாம் என்பதே இன்றும் நிலைத்து நிற்கும் ஆலோசனை.

ஆனால் இதனால் ஆகாத காரியங்களும் உண்டு. ஜுரத்தின் காரணத்தை இது தீர்ப்பதில்லை. டைபாய்டானாலும் மலேரியாவானாலும் எலிக்காய்ச்சலானாலும், மாத்திரையை விழுங்கியதும் உடம்புச் சூடு இறங்கும். நோயோ உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். டெங்குவில் ஜுரம் இறங்கும் சமயமே அபாயம் தொடங்கும் சமயமாகும். ஆகவே மூன்று நாளுக்கு மேல் ஜுரம் நீடித்தாலும், ஜுரம் தணிந்த பின் வயிற்று வலியும் ஓயாத வாந்தியும் சோர்வும் கண்டாலும், மாத்திரையை நம்பி வீட்டில் தங்கலாகாது. முதுகுப் பிடிப்பு கண்டவர்கள் நாள்தோறும் இதைத் தின்பதும் வீண். ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2014-ல் வெளியான பரிசோதனை ஒன்றில், மாத்திரை தின்றவர்களும் வெறும் போலி மாத்திரை தின்றவர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் குணமடைந்தார்கள். தலைவலிக்கென்று மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும், மாதக்கணக்கில் தின்பவர்களுக்கு அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடுவதும் உண்டு.

ஈரலில் நடப்பது

இனித் தீமையைக் கூறுவோம். நாம் உட்கொண்ட பாரசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் பொறுப்பு ஈரலைச் சேர்ந்தது. பெரும்பகுதியை அது தீங்கற்ற பொருளாக மாற்றிச் சிறுநீர் வழியே அனுப்பிவிடுகிறது. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை மட்டும் வேறு வழியில் சென்று, ஒரு கொடிய விஷமாக மாறுகிறது. அந்த விஷத்தை உடனுக்குடன் அடக்குவதற்கென்று ஈரலில் குளுட்டதயோன் என்ற காவற்பொருள் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. அளவோடு உட்கொண்டால் விஷம் கொஞ்சமாகவும் காவற்பொருள் தாராளமாகவும் இருக்கும். யாதொரு கெடுதலும் நேராது. அளவு மிஞ்சினால் நல்ல வழிகள் நிரம்பிவிடும், விஷ வழியில் அதிகம் பாயும், காவற்பொருள் தீர்ந்துபோகும். பிறகு அந்த விஷம் ஈரலின் அணுக்களையே பற்றிக்கொண்டு அழிக்கத் தொடங்கும். 1973-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இந்த உண்மையை வெளியிட்டார்கள்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். எல்லோருடைய ஈரலிலும் காவற்பொருள் ஒரே அளவில் இருப்பதில்லை. பட்டினி கிடப்பவன், ஜுரத்தால் பல நாள் ஆகாரமின்றி மெலிந்தவன், சத்தற்ற உணவு உண்பவன் ஆகியோரிடம் அது குறைவு. தினந்தோறும் மது அருந்துபவனிடமோ காவற்பொருளும் குறைவு. விஷமாக மாற்றும் வழியும் அகலம். ஆதலின் ஒருவனுக்குத் தீங்கு செய்யாத அளவு மற்றொருவனுக்குத் தீங்கு செய்யலாம். நமது நாட்டில் கூலி வேலை செய்து களைத்து, அரை வயிறு உண்டு, மாலையில் மதுக்கடைக்குச் சென்று, இரவில் உடம்பு வலிக்கு இம்மாத்திரையை விழுங்கும் மனிதனே மிகுந்த அபாயத்துக்குட்பட்டவன். அவனுக்கு இதைச் சொல்வாரில்லை.

இந்த விஷத்தின் போக்கு மிகவும் வஞ்சகமானது. அளவுக்கு மிஞ்சி உட்கொண்டவருக்கு முதல் நாளில் குமட்டலும் வாந்தியும் சிறிது சோர்வும் மட்டுமே இருக்கலாம்; ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இரண்டாம் நாள் தேறிவிட்டதுபோலத் தோன்றும்; ஆனால் வலப்பக்க விலாவின் கீழ் வலி தொடங்கும். மூன்றாம் நாளிலோ நான்காம் நாளிலோ கண் மஞ்சளாகும்; புத்தி தடுமாறும்; ரத்தம் உறையாது. அப்போது வைத்தியசாலைக்கு ஓடுவது வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதாகும்.

முன்னமே ஓடினால் பிழைக்கலாம் என்பதே நாம் வற்புறுத்த விரும்பும் நற்செய்தி. அசெட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து 1970-களில் எடின்பரோவில் பிரெஸ்காட் என்ற வைத்தியரும் அவர் குழுவினரும் செய்த பரிசோதனைகளால் நிலைபெற்றது. அது ஈரலில் தீர்ந்துபோன காவற்பொருளை மீண்டும் நிரப்புகிறது. உட்கொண்ட எட்டு மணி நேரத்துக்குள் அதைச் செலுத்தினால் ஈரல் அநேகமாகத் தப்பிவிடும். அதன் பின்னரும் பிரயோஜனம் உண்டு. ஆகவே, தெரியாமலோ மனக்கலக்கத்திலோ ஒருவர் அதிக மாத்திரைகளை விழுங்கிவிட்டார் என்று அறிந்தால், 'நன்றாகத்தானே இருக்கிறார்' என்று காத்திருக்கலாகாது. திட்டுவதற்கும் விசாரிப்பதற்கும் அது சமயமன்று. உடனே 108-க்குச் சொல்லி, மீதியுள்ள அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு வைத்தியசாலை சேர வேண்டும்.

அளவு என்ன?

வயது வந்த, உடல்நலமுள்ள ஒருவர் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் முதல் 1,000 மில்லிகிராம் வரை உட்கொள்ளலாம். ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் இடையே நாலு முதல் ஆறு மணி நேரம் கழிய வேண்டும். எவ்விதத்திலும் 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராமைத் தாண்டலாகாது. 500 மாத்திரையானால் எட்டு. 650 மாத்திரையானால் ஆறு. இது எல்லையேயன்றி இலக்கன்று. 50 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ளோர், ஈரல் நோயுள்ளோர், நித்தியம் மது அருந்துவோர், வெகு நாள் பட்டினியால் மெலிந்தோர் ஆகியோருக்கு எல்லை இதனினும் குறைவு. அதை வைத்தியரே சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர், இதைத் தொடர்ந்து தின்றால் அம்மருந்தின் வேகம் கூடும் என்பதையும் அறிய வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் வயதைவிட எடையே கணக்கு. ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளையின் அளவு. ஒரு நாளில் நாலு வேளைக்கு மேற்படலாகாது. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் போதும். ஆனால் கடையில் விற்கும் திரவங்கள் ஒரே வலிமையுடையவையல்ல. ஒன்றில் ஐந்து மில்லிக்கு 120 மில்லிகிராம். மற்றொன்றில் அதே ஐந்து மில்லிக்கு 250. சிசுக்களுக்கான சொட்டு மருந்திலோ ஒரு மில்லிக்கே 100. 'ஒரு கரண்டி கொடு' என்று பாட்டி சொல்கிறாள். ஐந்து மில்லிக் கரண்டியானால், முதல் புட்டியில் அது சரியான அளவு. இரண்டாவதில் ஏறக்குறைய இரட்டிப்பு. மூன்றாவதில் 500 மில்லிகிராம்! பாட்டியின் அன்பில் குறைவில்லை, கரண்டியிலும் குற்றமில்லை. புட்டியின் மேல் எழுதியிருப்பதை அவளால் வாசிக்க முடியவில்லை என்பதே குற்றம். மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு ஜுரம் கண்டால் வீட்டு வைத்தியம் எதுவுமே கூடாது. உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

மறைந்திருக்கும் மருந்து

இவையெல்லாம் தெரிந்த அபாயங்கள். இவற்றினும் பெரிது, தெரியாமல் வந்து சேரும் அபாயமாகும். பாரசிட்டமால் தன் பெயரோடு மட்டும் விற்பனையாவதில்லை. குரோசின், கால்பால், டோலோ என்று வர்த்தகப் பெயர்கள் பல. உள்ளே இருப்பது ஒன்றுதான். தலைவலிக்கென்று விற்கும் சாரிடானிலும் இது இருக்கிறது. வலிக்கென்று விற்கும் காம்பிஃபிளாமிலும் இருக்கிறது. சளி, தும்மலுக்கென்று விற்கும் மாத்திரைகள் பலவற்றிலும் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுக்கும் டைலினாலில் அசெட்டமினோஃபென் என்று எழுதியிருக்கும், அதுவும் இதுவே. இரு தேசங்கள் ஒரு மருந்துக்கு இரு பெயர் வைத்திருக்கின்றன. உண்பவனின் ஈரலுக்கோ ஒரே கணக்கு.

ஒரு விசைத்தறித் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். ஜுரத்துக்கென்று 650 மாத்திரை ஒரு நாளில் நாலு தின்கிறான். அது 2,600 மில்லிகிராம். மூட்டு வலிக்கென்று முன்னரே எழுதிக் கொடுத்த மாத்திரையில் அசெக்ளோஃபெனாக்குடன் 325 பாரசிட்டமால். அது மூன்று வேளைக்கு 975. சளிக்கென்று கடைக்காரர் கொடுத்ததில் 500. அது மூன்று வேளைக்கு 1,500. ஆக மொத்தம் 5,075 மில்லிகிராம். மூன்று வியாதிக்கு மூன்று மருந்து தின்றதாக அவன் நினைக்கிறான். ஒரே மருந்தை மூன்று பெயரில், எல்லை கடந்து தின்றிருக்கிறான் என்பதை அவன் அறியான். இப்படி இரண்டொரு நாள் நடந்தால் கெட்டியான உடம்பு தாங்கக் கூடும். அரைப் பட்டினியும் மதுவும் சேர்ந்த உடம்பு தாங்குமா?

கலவை மருந்துகளின் பெருக்கத்தை சர்க்கார் கவனியாமலில்லை. 2016-ல் 344 கலவைகளையும், 2024 ஆகஸ்டில் 156 கலவைகளையும் மத்திய சர்க்கார் தடை செய்தது. பின்னைய ஜாபிதாவில் பாரசிட்டமால் சேர்ந்த கலவைகளும் இருந்தன. ஆயினும் ஒன்றைத் தடுத்தால் வேறு பெயரில் மற்றொன்று வருகிறது.

பாரசிட்டமால் கலந்த திரவம் ஒன்றால் நேர்ந்த பெருந்துயரத்தையும் இங்கே மறக்க இயலாது. 2025-ம் வருஷத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா ஜில்லாவில் இருமல் மருந்து அருந்திய சின்னஞ் சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலற்று மாண்டார்கள். அந்த மருந்து தயாரானது நமது காஞ்சிபுரம் ஜில்லாவில். அதில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற விஷத் திரவம் நூற்றுக்கு 48.6 பங்கு இருந்ததாகத் தமிழ்நாட்டு மருந்துப் பரிசோதனைச் சாலையே கண்டறிந்தது. அங்கே குழந்தைகளைக் கொன்றது பாரசிட்டமால் அன்று. அதைக் கரைத்த விஷத் திரவமே. 1990-களின் தொடக்கத்தில் டாக்காவிலும் இதே விஷம் பாரசிட்டமால் திரவத்தில் கலந்து ஏராளமான குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் பாடம் படிக்கப்படவில்லையென்றால், அது விஞ்ஞானத்தின் தோல்வியன்று, கண்காணிப்பின் தோல்வியாகும்.

பிற தேசங்கள் செய்தது

இதில் பிற தேசத்தார் செய்ததை நாம் கவனிப்பது நலம். பிரிட்டனில் 1998-ல் ஒரு விதி செய்தார்கள்: சாதாரணக் கடையில் ஒரு பெட்டிக்கு 16 மாத்திரை, மருந்துக் கடையில் 32 மாத்திரை என்பதே சாதாரண வரம்பு. வீட்டில் குவியலாகக் கிடந்தால்தானே மனக்கலக்கத்தில் ஒருவர் குவியலாக விழுங்க நேரும் என்பது அவர்கள் எண்ணம். அடுத்த பதினொரு வருஷங்களில் இம்மருந்தால் நேர்ந்த மரணம் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் குறைந்ததாக ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். ஓர் எளிய விதி, ஒரு காசு செலவில்லாத விதி, நூற்றுக்கணக்கான உயிர்களைக் காத்தது. அமெரிக்காவில் 2011-ல், வைத்தியர் சீட்டுக்கு விற்கும் கலவை மாத்திரை ஒன்றில் இது 325 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா கேட்டுக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் 2025 பிப்ரவரி முதல் பெட்டியின் அளவைக் குறைத்திருக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

அவர்கள் செய்ததை அப்படியே நாமும் செய்ய வேண்டுமென்று கூறோம். நமது நாட்டில் அட்டையைக் கத்தரித்து இரண்டு மூன்றாக விற்பது ஏழையின் வசதிக்காக ஏற்பட்ட வழக்கம். அதை அடியோடு ஒழித்தால், பத்து மாத்திரைக்குக் காசில்லாதவன் ஜுரத்தோடு தவிப்பான். ஆனால் கத்தரித்த துண்டில் மருந்தின் பெயரும் இல்லை, அளவும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை என்ற நிலை நீடிக்கலாகாது. ஒவ்வொரு மாத்திரையின் பின்புறத்திலும் பெயரும் அளவும் அச்சிடப்பட வேண்டும். எத்தனை துண்டாக வெட்டினாலும் அந்த எழுத்து வெட்டுப்படாதிருக்க வேண்டும்.

அந்த எழுத்து எந்த பாஷையில் இருக்க வேண்டும்? மருந்தை உட்கொள்பவனுடைய பாஷையில்தான். இன்று உறையில் உள்ள விவரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பூதக் கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய பொடி எழுத்தில் இருக்கின்றன. பிஸ்கோத்துப் பொட்டலத்தின் பெயரைத் தமிழில் கொட்டை எழுத்தில் அச்சிட முடிகிற வியாபாரிகளுக்கு, 'பாரசிட்டமால் 650, ஒரு நாளில் ஆறுக்கு மேல் கூடாது' என்ற வரியைத் தமிழில் அச்சிட முடியாதென்று சொல்வது பொருந்துமா? இது பாஷாபிமானத்தைப் பற்றிய கேள்வி மாத்திரமன்று. ஜனங்களின் உயிரைப் பற்றிய கேள்வி. எழுதப் படிக்கத் தெரிந்தவர் மிகுந்த இந்நாட்டில், படிக்க முடியாத பாஷையில் எச்சரிக்கை செய்வது எச்சரிக்கை செய்யாமலிருப்பதற்கே சமமாகும்.

சர்க்கார் செய்யும் வரையில் நாம் காத்திருக்க வேண்டியதுமில்லை. பொது வேலையில் ஈடுபட்ட அன்பர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தொழிற்சங்க அலுவலகத்திலும், படிப்பகத்திலும், ரேஷன் கடை வாசலிலும் ஒரு சிறு தமிழ் அட்டை தொங்கட்டும். அதில் நாலு வரி இருந்தால் போதும். ஒரு நாள் கணக்கு 4,000 மில்லிகிராமைத் தாண்டாதே. வேறு மாத்திரையிலும் இதே மருந்து உண்டா என்று கேள். மது குடிப்பவன் வைத்தியரைக் கேளாமல் தொடாதே. அதிகம் விழுங்கியவரை அடையாளம் தெரியும் வரை காக்க வைக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல். கடைக்காரர்களும், 'இதற்கு முன் வேறு மாத்திரை தின்றீர்களா?' என்ற ஒரு கேள்வியை வழக்கமாக்கிக்கொள்ளலாம். வைத்தியர்கள் தாங்கள் எழுதும் சீட்டை நோயாளிக்கு வாசித்துக் காட்டலாம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் கூறினார்கள். அதைப் பழமொழியாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. அளவு எதுவென்று தெரிந்தாலன்றோ மிஞ்சாமலிருக்க முடியும்? அந்த அளவு இன்று வைத்தியர் புத்தகத்தில் இருக்கிறது. உறையின் மூலையில் ஆங்கிலத்தில் இருக்கிறது. அது நெசவாளியின் வீட்டிலும், பாட்டியின் கையிலிருக்கும் கரண்டியிலும் இருக்க வேண்டும். அங்கே அதைக் கொண்டு சேர்ப்பது மருந்துக் கம்பெனிகளின் தயவாலோ சர்க்காரின் நல்லெண்ணத்தாலோ மட்டும் நடந்துவிடாது. கேட்கிற ஜனங்கள் இருந்தால்தான் நடக்கும். நேயர்கள் இன்றிரவே தங்கள் வீட்டிலுள்ள மாத்திரைகளையெல்லாம் எடுத்து, எத்தனை உறைகளில் இந்த ஒரு பெயர் ஒளிந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பார்களாக. அந்த எண்ணிக்கையே நாம் கூறிய அனைத்துக்கும் சாட்சி சொல்லும்.